பிறகு கட்டினது

எனக்கு ஒரு இடத்தில் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் இருக்க வராது. இருந்தால் எழும்புவேன், எழும்பினால் நடப்பேன், நடந்தால் எதையாவது தூக்கி இடம் மாற்றி வைப்பேன். "காலிலை சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள்" என்றுதான் என் கணவர் என்னை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்வார். அப்படிப்பட்ட என்னை, தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியில், பலெர்மோ நகரத்துக்குப் பக்கத்துப் பகேரியாவில் இருந்த ஒரு பழைய வில்லா ஆட்டிவைத்த மாதிரி வேறெதுவும் ஆட்டிவைக்கவில்லை. அந்த வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் போகிறோம் என்று வெளிக்கிட்டார்கள். அதன் ஓரத்தில் நாங்கள் குடியிருந்தோம். அவர்கள் சொன்ன பழைய நிலையில் எங்களுக்கு இடம் இருக்கவில்லை.

நாங்கள் மன்னார் பக்கத்து ஆட்கள். சண்டை பெருத்தபோது அவர் முதலில் இத்தாலிக்கு வந்தார், பிறகு நான் வந்தேன். மகளுக்கு அப்போது இரண்டு வயதும் நிரம்பவில்லை. அவளை என் அக்காவிடம் விட்டுவிட்டு, "கெதியாக் கூப்பிடுவன்" என்று சொல்லிவிட்டு வந்தவள், வருடக்கணக்காகக் கூப்பிடாமல் இருந்தேன். விருப்பமில்லாமல் இல்லை. தங்குவதற்குப் பெர்மெஸ்ஸோ என்கிற அனுமதிப் பத்திரம் வேண்டும். அது கிடைத்தால் நிரந்தர வேலை காட்ட வேண்டும். அதுவும் கிடைத்தால், பிள்ளையை வைத்திருக்க ஒழுங்கான வீடு காட்ட வேண்டும். பலெர்மோவில் எங்களுக்கு இருந்தது அல்பெர்கேரியா என்கிற பகுதியில் ஓர் அறையின் பாதி. நடுவே கட்டியிருந்த சேலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருந்தது. அவர்கள் இருமினால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும்.

நான் தினமும் காலையில் ரயிலேறி பகேரியாவுக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். வேலை கொடுத்த சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், ஓர் அமெரிக்கப் பெண். பலெர்மோக்காரர் ஒருவரைக் கலியாணம் கட்டி வந்தவர், அவர் இறந்தபின் அந்தப் பெரிய வில்லாவில் தனியே இருந்தார். உயரமான மனுசி. எப்போதும் ஆண்பிள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு ரோர்ச் லைட்டோடு திரிவார். பகலில் ஏன் ரோர்ச் என்று கேட்டால், சுவருக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்த்தால்தான் அடைத்த யன்னல் எங்கே, மூடின கதவு எங்கே என்று தெரியும் என்பார். வீட்டுக்கு வைத்தியம் பார்க்கிற ஆளை நான் அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன்.

வீடு என்றால் வீடுதான், குறை சொல்லக் கூடாது. மஞ்சள் கல்லால் கட்டினது. கடல் காற்றில் உப்புப் பட்டு அந்தக் கல் பாணை எலி கரம்பினது போலக் குழிகுழியாக இருந்தது. முற்றத்திலிருந்து மேல்மாடிக்கு இரண்டு பக்கமும் வளைந்து ஏறுகிற படிக்கட்டு. இடப்பக்கம் ஏறினாலும் வலப்பக்கம் ஏறினாலும் ஒரே கதவுக்குத்தான் போகலாம். "ஒரு கதவுக்கு என்னத்துக்கு ரெண்டு படி?" என்று என் கணவர் கேட்டார். மேலே பெரிய மண்டபம். அதன் கூரை நாணலைப் பின்னி, சாந்து பூசி, அதன்மேல் ஆகாயமும் மேகமும் கீறினது. ஒரு மூலையில் நிசக் கதவு ஒன்று. அதற்கு நேர் எதிர் மூலையில், இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கமும் இருக்க வேண்டும் என்பதற்காக, கதவு மாதிரியே சுவரில் வரைந்த ஒரு பொய்க் கதவு. வந்த புதிதில், கையில் தண்ணீர் வாளியோடு அந்தப் பொய்க் கதவைத் தள்ளப் போய் நெற்றியில் வாங்கியிருக்கிறேன்.

முற்றத்தின் வலப்பக்கத்தில் பெரிய வீட்டோடு ஒட்டி, தாழ்ந்த கட்டடம் ஒன்று நின்றது. எங்கள் ஊரில் வீடு கட்டி முடிந்த பிறகு பக்கத்தில் பத்தி இறக்குவார்களே, அந்த மாதிரி. எலுமிச்சம்பழம் சேர்த்து வைப்பதற்காக ஒரு காலத்தில் இறக்கினது என்று சொன்னார்கள். மூன்று அறை, தனி வாசல், குசினி, குளிக்கிற இடம். தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று என் கணவரையும் வேலைக்கு எடுத்தபோது, "தினமும் ரயிலில் ஏன் அலைகிறீர்கள், இங்கேயே இருங்கள்" என்று சிஞ்ஞோரா அதன் திறப்பைத் தந்தார். நான் அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட ஓடினேன். சுவர் கைமுழம் தடிப்பு. இருமல் கேட்கவே கேட்காது. வந்த வாரமே பலெர்மோவுக்குப் போய் மகளுக்கான மனுவைக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் கொடுத்தோம். கொமூனே என்கிற நகரசபையிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்து, பிள்ளை இருக்கத் தகுந்த இடம்தான் என்று எழுதித் தந்தால் மிச்சம் நடக்கும் என்றார்கள். எப்போது வருவார்கள் என்று கேட்டேன். வரும்போது வருவார்கள் என்றார்கள்.

அதற்குள் ஆர்க்கித்தெத்தோ வந்து சேர்ந்தார். கட்டடம் வரைகிறவரை இத்தாலியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வைத்தியரைக் கூப்பிடுவது போல அவர் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பலெர்மோவிலிருந்து வந்த மெலிந்த மனிதர். சின்னச் சுத்தியலும் சவர அலகு மாதிரி ஒரு கத்தியும் வைத்திருந்தார். வீடு முழுக்கச் சுற்றி வந்தார், தட்டினார், மணந்து பார்த்தார். கடைசியில் முற்றத்தின் நடுவில் நின்று எங்கள் கட்டடத்தை நோக்கிக் கையை நீட்டினார். அது பிறகு கட்டினது என்றார். அதன் பின்னால் பெரிய வீட்டின் வளைவு ஒன்று மறைந்து கிடக்கிறது, இதை எடுத்தால்தான் முதல் முதலாகக் கட்டினவன் நினைத்த வீடு வெளியே வரும் என்றார். சிஞ்ஞோராவின் முகம் மலர்ந்துபோனது. நான் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டு நின்றேன். கையிலிருந்த படுக்கை விரிப்பை மூன்று தரம் உதறினேன்.

"எப்ப உடைப்பினமாம்?" என்று கணவரிடம் கேட்டேன்.

"மாரி முடிய எண்டுதான் கதைக்கினம்."

"கொமூனே ஆள் அதுக்கு முதல் வந்திடுவானே?"

"எனக்கென்னடியப்பா தெரியும்? நானே கொமூனே?"

"போய் அந்த மனுசியிட்டைச் சொல்லுங்கோவன், எங்கடை பிள்ளையின்ரை விசயத்தை."

"இருக்க இடம் குடுத்தாப் படுக்கப் பாய் கேக்கிறதெண்டு நினைப்பா. நீதானே அவவோடை நாள் முழுக்க நிக்கிறாய், நீ சொல்லு."

நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், எனக்குக் கோபம். எங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்று சிஞ்ஞோராவுக்குத் தெரியும். குசினிச் சுவரில் படம் தொங்குகிறது. வடிவான பிள்ளை என்று சொல்லவும் சொன்னார். ஏன் இன்னும் வரவில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. எந்தக் கதவு எந்த வருடம் அடைபட்டது என்று ரோர்ச் அடித்துப் பார்க்கிற மனுசிக்கு, கண்முன்னே இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளை குறைகிறது என்று தெரியவில்லை. வாய்விட்டுக் கேட்டால் கெஞ்சினது ஆகிவிடும். கெஞ்சி வாங்கின இடத்தில் மகளைப் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது நினைத்தால் வீம்புதான். அப்போது அந்த வீம்பு ஒன்றைத்தான் என்னுடையது என்று சொல்லக்கூடியதாக இருந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள், புத்தக அலுமாரி தூசு தட்டிக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோராவிடம் பெரிய பெரிய படப் புத்தகங்கள் இருந்தன. அமெரிக்காவின் நாட்டுப்புறத்துப் பழைய வீடுகள், இடிந்து கிடந்தவற்றைத் திருத்தி எடுத்தவை. ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு முறியும். வெளியே வேலை நடக்காததால் அவருக்கும் பொழுது போகவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி ஒன்றைத் திறந்தார். தான் பிறந்து வளர்ந்த வீடு அதில் இருக்கிறது என்றார். எனக்குப் பயங்கர ஆசை வந்துவிட்டது, அமெரிக்கக்காரரின் மாளிகை எப்படியிருக்கும் என்று பார்க்க.

பார்த்தால் பலகை வீடு! எங்கள் ஊரில் பலகையடித்துக் கோழிக்கூடு செய்வோம். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, பார்க்கப் பார்க்க வீடு பிடித்துக்கொண்டது. வெள்ளை பூசின நீளப் பலகைகளை மீன் செதிள் போல ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏற்றி அடித்திருந்தார்கள், மழைத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்கு. முன்னால் நீள விறாந்தை, உயரத் தூண்கள். தூணும் கல் இல்லையாம், மரமாம். வீட்டின் இரண்டு தலைப்பிலும் செங்கல்லில் புகைபோக்கி. முன் வாசலில் நின்று பார்த்தால் பின் வாசல் தெரிகிற மாதிரி, நடுவால் அகலமான நடை. கோடையில் இரண்டு கதவையும் திறந்துவிட்டால் காற்று ஊடறுத்துப் போகும், அந்த நடையில்தான் எல்லாரும் கட்டில் போட்டுப் படுப்போம் என்றார். யன்னலில் பழைய கண்ணாடி. அதால் பார்த்தால் வெளியில் நிற்கிற மரம் கொஞ்சம் நெளியும். அந்த நெளிவு போய்விடக் கூடாது என்று அவருடைய தகப்பன் உடைந்த வீடுகளிலெல்லாம் அலைந்து அந்தக் காலத்துக் கண்ணாடியையே தேடி வாங்கினாராம். ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அந்தக் காலத்து ஆணிதானாம். முதலில் ஒரு வருடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும், அந்த வருடத்துக்குப் பிறகு வந்ததையெல்லாம் எடுத்துவிட வேண்டும், வீட்டைத் திருத்துவது என்றால் அதுதான் என்று தகப்பன் சொல்லுவாராம்.

"குசினி எங்கே?" என்று கேட்டேன். எனக்கு வீடென்றால் முதலில் அதுதான்.

குசினி பின்னால், தனியாக என்றார். நெருப்புப் பயம், சூடு, அதனால் பெரிய வீட்டோடு ஒட்டாமல் கட்டுவார்களாம்.

"எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்றேன். எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. "அப்படியென்றால் சமைக்கிற ஆட்கள் எங்கே படுப்பார்கள்?"

சிஞ்ஞோரா இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். வீட்டின் பின்புறத்தை உயரத்திலிருந்து எடுத்த படம். குசினி இருந்தது. அதற்கப்பால் ஆற்றங்கரை வரைக்கும் பச்சைப் பசேலென்று புல். அந்தப் புல்லில் விரலை வைத்தார்.

"இங்கே வரிசையாகச் சின்ன வீடுகள் இருந்தன. நான் பிறப்பதற்கு முதல்."

"என்ன நடந்தது?"

"அப்பா எடுத்துவிட்டார். மேலேயிருந்து பார்த்தால் ஆறு தெரியவில்லை என்று."

அந்தச் சின்ன வீடுகளும் பெரிய வீடு கட்டின காலத்திலேயே கட்டினவைதானாம், நான் கேட்காமலே சொன்னார். புல்லில் வைத்த விரலை எடுத்தார். பிறகு பக்கத்தைப் புரட்டி, மாடிப்படியின் கைபிடியை எப்படிச் சுரண்டி எடுத்தார்கள் என்று காட்டத் தொடங்கினார். எனக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் வேலை கிடக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு எழும்பினேன்.

அதற்குப் பிறகு நான் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பலெர்மோவில் எங்கள் ஆட்கள் கூடும் மாதா கோயிலுக்குப் போனால், பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பிடித்து வீடு விசாரிப்பேன். தேநீர் குடிக்கக்கூட நிற்காமல் சீசா என்கிற பகுதிக்குப் பஸ்ஸேறிப் போய், மாடி மாடியாக ஏறி, வாடகைக்கு விடுகிற வீடுகளின் மணியை அடிப்பேன். என் முகத்தைக் கண்டதும் வீடு வாடகைக்குப் போய்விட்டது என்பார்கள். திரும்பி வந்து எங்கள் மூன்று அறைக்குள்ளும் கட்டிலை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக மாற்றிப் போடுவேன். "பூனையும் குட்டியைத் தூக்கிக்கொண்டுதான் ஏழு வீடு மாறும். நீ குட்டி வர முதலே மாறுறாய்" என்று கணவர் சொன்னார். சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு சிஞ்ஞோரா அமெரிக்காவுக்குப் போனார். வேலையாட்களும் லீவு. போகும்போது, "வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை எங்களிடம் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

தான் லீவில் போவதற்கு முதல் ஆர்க்கித்தெத்தோ சுவர்களில் அங்கங்கே சதுரம் சதுரமாகச் சுரண்டியிருந்தார். உள்ளங்கையளவு. எங்கள் கட்டடத்தில், அதை ஒட்டின பெரிய வீட்டுச் சுவரில், வாசல் வளைவில், எங்கும். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் படிப்படியாக நிறங்கள் தெரிந்தன. மேலே அழுக்கு வெள்ளை, அதற்குள்ளே மஞ்சள், அதற்கும் உள்ளே ஒரு மங்கல் சிவப்பு. பக்கத்தில் பென்சிலால் ஏதோ குறித்திருந்தார். எங்கள் ஊரில் ஒரு மேசன் சுவரைச் சுரண்டினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அடுத்தது வெள்ளையடிப்பு. சுரண்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு. மேசன் கள்ளன்.

"பாத்தியே, இஞ்சையும் அதே கதைதான்" என்றார் கணவர். "பெருநாள் வருதெண்டு அரைவாசியிலை விட்டிட்டு ஓடிட்டாங்கள்."

மன்னாரில் வெள்ளையடிக்காத வீட்டில் நத்தார் பிறக்காது. ஓலை வீடென்றாலும் மண்சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, முற்றத்துக்குப் புது மணல் போட்டால்தான் பெருநாள். பக்கத்து அஸ்ப்ராக் கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வருவோமா என்றுகூட அவர் கேட்டார், நான்தான் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றேன். ஆனால் வெள்ளையடிப்பதை நான் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பேன்? கொமூனே ஆள் எந்த நேரமும் வரலாம். அவன் வந்து இந்தச் சிரங்கு பிடித்த சுவரைப் பார்த்தால் பிள்ளை இருக்கிற வீடென்று எழுதுவானா? அவர் சுண்ணாம்பு கரைத்தார். குழிகளுக்கெல்லாம் சாந்து வைத்து, மட்டப்பலகை பிடித்து, கண்ணாடி மாதிரி நிரவினார். எங்கள் கட்டடம் முடிந்தது. பக்கத்தில் பெரிய வீட்டுச் சுவரைப் பார்த்தால் இன்னும் அசிங்கமாக இருந்தது. அதையும் பூசினார். வாசல் வளைவையும் பூசினார். பென்சில் குறிகள் துலங்கினால் சரியில்லை என்று அவற்றை ஈரத் துணியால் துடைத்தது நான். நத்தார் அன்று காலை வெயில் பட்டு முற்றம் கண் கூசியது. அந்த நாட்டில் நாங்கள் கொண்டாடின முதல் ஒழுங்கான பெருநாள் அதுதான் என்று எனக்கு அழுகை வந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கு வந்த கதை, ஆர்க்கித்தெத்தோ திரும்பி வந்த அன்று தெரிந்தது. அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்போம். படலைக்குள் வந்தவர் அப்படியே நின்றார். சுவருக்குக் கிட்டப் போய்த் தடவிப் பார்த்தார். சதுரங்கள் இருந்த இடங்களைக் கையால் தேடினார். பிறகு படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்தார். அந்த நிறங்களைக் கொண்டுதான் எது முதல், எது பிறகு என்று அவர் கணித்துக்கொண்டிருந்தாராம். மறுபடி புதிதாகச் சுரண்ட வேண்டும். என் கணவர் அவருக்கு ஒரு கோப்பை கோப்பி கொண்டுபோய் நீட்டினார். அதை அவர் வாங்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய சிஞ்ஞோரா, வந்த உடுப்போடு எங்கள் குசினிக்குள் நுழைந்தார். முதல் தடவையாக எங்கள் மேசையடியில் உட்கார்ந்தார். என் கணவர் மூலையில் நின்று தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏன் செய்தீர்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"நத்தார் வந்தது" என்றேன்.

"என்னிடம் கேட்டிருக்கலாமே?"

"நீங்கள் எங்களிடம் ஏதாவது கேட்டீர்களா?"

அவ்வளவுதான், அதற்குப் பிறகு வாய் என் சொல் கேட்கவில்லை. என் இத்தாலியன் குசினியிலும் சந்தையிலும் பொறுக்கினது. அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். இந்த வீட்டில் முதலில் யார் இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், இந்த வீட்டில் என் பிள்ளை இருக்க வேண்டும் எனக்கு. நீங்கள் தேடுகிற ஆட்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். ஒரு மனிதன் வந்து இந்த மூன்று அறையைப் பார்த்துவிட்டுப் போனால் அவள் வருவாள். அதற்கு முதல் நீங்கள் இதை உடைத்தால் அவள் வர மாட்டாள். ஆற்றைப் பார்க்கத்தானே உங்கள் அப்பா அந்த வீடுகளை உடைத்தார், நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்றும் கேட்டுவிட்டேன். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சிஞ்ஞோரா சுவரில் தொங்கின மகளின் படத்தைப் பார்த்தார். இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டார். நான் துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன். கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கோடை முடியும் வரை இந்தக் கட்டடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அந்த ஆள் வரட்டும், பார்க்கட்டும், பிள்ளையும் வரட்டும். ஆனால் அதற்குப் பிறகு இதை எடுத்தே ஆக வேண்டும், இது இந்த வீட்டின் பகுதி இல்லை. அப்போது நீங்கள் பிரச்சினை பண்ணாமல் போக வேண்டும், வேறு வீடு எடுக்க நான் வந்து கதைத்து உதவுவேன் என்றார். கையை நீட்டினார். நானும் நீட்டினேன். அந்த நேரம் பிள்ளை வருவாள் என்றால் நான் எதற்கும் கை கொடுத்திருப்பேன்.

கொமூனே ஆள் மாசியில் வந்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்து, சுத்தமான வீடு என்று சொல்லிவிட்டுப் போனார். வைகாசியில் மகள் வந்தாள்.

கொழும்பிலிருந்து எங்கள் ஊர்ப் பெண் ஒருவரோடு வந்தாள். ஏழு வயது. விமான நிலையத்தில் அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். நான் முழங்காலூன்றிக் கையை நீட்டினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா எப்ப வருவா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். அவள் கேட்டது என் அக்காவை. அக்காவைத்தான் அவள் அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். அது நியாயம்தான், அக்கா செய்ததெல்லாம் அம்மா செய்கிற வேலைதான். இருந்தாலும், பகேரியா வரும் வரைக்கும் வழியில் இருந்த கடலையெல்லாம் அவளுக்குக் காட்டிக்கொண்டே வந்தேன், அவள் பக்கம் முகத்தைத் திருப்பாமல்.

அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கிட்ட வந்து நின்று, "தண்ணி வேணும்" என்பாள். "நீங்கள் போறீங்களோ?" "நீங்கள் வாறீங்களோ?" அவ்வளவுதான். தகப்பனை மட்டும் இரண்டாம் கிழமையே அப்பா என்றாள். அங்கே அப்பாவாக யாரும் இருக்கவில்லை, அந்த இடம் காலியாக இருந்தது. என்னுடைய இடத்தில் ஆள் இருந்தது. சொல்லிக் கூப்பிடு என்று நான் கேட்கவில்லை, மறுபடி அதே வீம்பு. பொறாமையும் பட்டேன், என் சொந்த அக்காமேல்.

ஆனால் அந்தக் கட்டடம் அவளுக்குப் பிடித்துக்கொண்டது. தடித்த சுவரில் யன்னல் வைத்திருந்ததால் அதன் அடியில் ஓர் ஆள் இருக்கிற அளவுக்கு இடம் இருந்தது. கோடை முழுக்க அவள் அந்த யன்னலுக்குள்தான் குடியிருந்தாள். எலுமிச்சம்பழ அறை எப்போதும் குளிர்ந்து கிடக்கும், வெறும் மேலோடு தரையில் படுத்துக்கொண்டு, "இஞ்சை நல்லாயிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லுவாள். தகப்பன் அடுப்புக் கரியை எடுத்துக் கொடுக்க, வெள்ளைச் சுவரெல்லாம் படம் கீறினாள். என் அக்கா, அக்காவின் ஆடு, ஆமிக்காரன், கப்பல், இரண்டு பக்கமும் படி வைத்த பெரிய வீடு. வேறு நேரமென்றால் சுவரைப் பழுதாக்கினதற்கு அடி போட்டிருப்பேன். உடைக்கப் போகிற சுவர்தானே என்று விட்டுவிட்டேன். உடைக்கப் போகிறார்கள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓர் இடத்திலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்த பிள்ளைக்கு, காலூன்றுகிற நேரத்தில் அதை எப்படிச் சொல்வது?

புரட்டாதி முதல் சீசாவில் வீடு எடுத்தோம். சிஞ்ஞோரா சொன்னபடி கூடவே வந்து, தன் உயரமான உடம்போடு வாசலில் நின்று கதைத்துத்தான் அது கிடைத்தது. நாலாம் மாடி, இரண்டு அறை, கீழே பஸ் சத்தம். "பள்ளிக்கூடம் கிட்ட, அதுதான் இஞ்சை வந்தனாங்கள்" என்று மகளிடம் சொன்னோம். அவள் அந்த வீட்டில் செருப்பைக் கழற்றாமல் திரிந்தாள்.

பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் சில நாட்கள் இருந்தன. விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் அவளையும் கூட்டிக்கொண்டு பகேரியாவுக்கு வேலைக்குப் போனேன். அன்றைக்குத்தான் தொடங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. படலைக்குள் நுழைந்தபோதே புழுதி. எங்கள் கட்டடத்தின் கூரை ஓடுகள் இறங்கியாயிற்று. முன் சுவரும் பாதி போய், உள் சுவர் வெளியே தெரிந்தது. அதில் அவள் கீறின ஆடும் கப்பலும் வெயிலில் நின்றன. இரண்டு ஆட்கள் பிக்காசோடு அதன் முன்னால் நின்றார்கள்.

மகள் என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். கல்லுக் குவியலுக்கு முன்னால் போய் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உடைக்கினம்! போய்ச் சொல்லுங்கோ அம்மா! இது எங்கடை வீடெண்டு சொல்லுங்கோ!"

முற்றத்தில் சிஞ்ஞோராவும் ஆர்க்கித்தெத்தோவும் நின்றார்கள். நான் கை கொடுத்துச் சம்மதித்த விசயம். பிரச்சினை பண்ண மாட்டேன் என்று சொன்ன வாய். சிஞ்ஞோரா தன் பக்கத்துச் சொல்லை ஒன்றும் குறையாமல் காப்பாற்றியிருந்தார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நடந்தேன்.

"இது எங்கள் வீடு" என்றேன். "உடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்."

ஆர்க்கித்தெத்தோ சிஞ்ஞோராவைப் பார்த்தார். சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் நின்ற பிள்ளையைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. தலையை மெல்ல இல்லை என்று ஆட்டினார். நான் இன்னொரு தரம் சொன்னேன், பிக்காசு பிடித்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, இது எங்கள் வீடு என்று. அவர்கள் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்தேன். மகள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னீங்களோ?"

"ஓம், சொன்னனான்."

"கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். கப்பல் இருந்த பக்கம் விழுந்தது. என் கைவிரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"சரி, வாங்கோ அம்மா. வீட்டை போவம்."

அன்றைக்கு வேலையைத் தொடாமலே அவளோடு ரயிலேறினேன். பலெர்மோ வரும் வரைக்கும் இருந்த இடத்திலிருந்து நான் எழும்பவில்லை.